ஆவி மாப்பிள்ளை

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் கார்க் கண்ணாடியில் படிவது புழுதி மட்டும்தான். ஒரு துணியை எடுத்துத் தட்டினால் போய்விடும். கண்ணாடி உள்பக்கமாக வியர்க்கும், கண்ணெதிரே ரோடு மறைந்துபோகும் என்பதெல்லாம் தென்காசியில் பெண் எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. தெரிய வந்த விதத்தை நான் மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

கல்யாணமான வருடத்து ஆனி மாதம். "சீசன் நல்லா இருக்கு, ரெண்டு பேரும் வந்து நாலு நாள் இருந்துட்டுப் போங்க" என்று மாமனார் போன் செய்தார். நான் அப்போதுதான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். இன்னொருவர் ஓட்டித் தேய்த்த வண்டி என்றாலும் எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் கார். பஸ்ஸில் போகலாம் என்றாள் என் மனைவி. நான் கேட்கவில்லை. மாமனார் வீட்டுத் தெருவுக்குள் அந்த வெள்ளைக் காரைத் திருப்பி நிறுத்தி இறங்கியபோது, எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

என் மனைவியின் அண்ணன் வாசலுக்கு வந்தார். தென்காசி பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பைப்பும் சிமெண்டும் ஏற்றுகிற லோடு வேனை அவரே ஓட்டுவார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைச் செருப்புக் காலால் லேசாகத் தட்டினார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு மாப்ளே. நம்ம ஊரு சாரலுக்குத் தாங்குமா?"

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

மறுநாள் காலையில் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். நான், என் மனைவி, மச்சான், மச்சானின் மனைவி, அவர்களுடைய சின்ன மகள். மச்சான் அருவிக்கரையில் உட்கார்ந்து உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டார். எனக்கும் தேய்த்துவிட்டார். குளித்துவிட்டுக் காருக்கு வந்தபோது எல்லோர் உடம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. சாரல் பிடித்துக்கொண்டது. குளிர்காற்று வேறு. குழந்தைக்குப் பல் கிட்டியது.

மச்சான் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈரத் துண்டுகளை எல்லாம் வாங்கி சீட்டு முதுகில் விரித்துப் போட்டார். நான் ஏசியைப் போடக் கை நீட்டினேன்.

"குளிர்ல ஏசி என்னத்துக்கு மாப்ளே? புள்ள நடுங்குதுல்லா. கண்ணாடிய ஏத்தி விடுங்க, போதும்."

நியாயமாகப் பட்டது. எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றினேன். "பாட்டு எங்க போடணும்?" என்று அவர் முன்னால் இருந்த பட்டன்களில் எதையெதையோ அமுக்கிக்கொண்டிருந்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. முன்கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு படலம் ஏறியது. சாரல்தான் வலுக்கிறது என்று நினைத்து வைப்பரைப் போட்டேன். வைப்பர் அதுபாட்டுக்குப் போய்வந்தது. கண்ணாடி தெளியவில்லை. படலம் நடுவுக்கு வந்தது. பக்கக் கண்ணாடிகளும் பால் ஊற்றியதுபோல் ஆகிவிட்டன. உள்ளங்கையால் துடைத்தேன். கையில் இருந்த எண்ணெய் கண்ணாடியில் பட்டு, இன்னும் மோசமாகக் கலங்கியது. எதிரில் வருகிற வண்டிகளின் விளக்கு மட்டும் மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்தது.

"மச்சான், ஒண்ணும் தெரியல."

"மெதுவாப் போங்க மாப்ளே, தெரியும்."

ஓரமாக நிறுத்திவிடலாம் என்று இடது பக்கம் ஒடித்தேன். அங்கே ஒரு சுற்றுலா வேன் நின்றிருந்தது. அதன் பின்விளக்கு நொறுங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் வேனே என் கண்ணில் பட்டது.

வேன்காரர் இறங்கி வந்தார். வேனில் வந்த கூட்டமும் இறங்கி வந்தது. ஈர லுங்கியும் துண்டுமாகப் பத்துப் பதினைந்து பேர் என் ஜன்னலைச் சுற்றி நின்று ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். மச்சான் நிதானமாக இறங்கி, அவர்களிடம் ஏதோ பேசி, தோளைத் தட்டிச் சமாதானம் செய்தார். அப்புறம் என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"எறங்குங்க மாப்ளே."

அவ்வளவு பேர் முன்னால், என் காரிலிருந்து, என்னை இறக்கினார். நான் பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் டிரைவர் சீட்டில் அமர்ந்து ஏசியைப் போட்டார். ஏதோ ஒரு பட்டனை அமுக்கினார். ஒரு குமிழைத் திருகினார். கண்ணாடி கீழேயிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே போயிற்று. ரோடு, மரம், பழக்கடை எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"பாத்தியளா? இம்புட்டுத்தான். மாப்ள உள்ள இருக்கத வெளிய தொடைக்காரு!"

அவர் மனைவி சிரித்தாள். அதுகூடப் பரவாயில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மச்சான் அந்தக் கதையை முதல் தடவையாக முழுசாகச் சொன்னார். "இட்லிக் கொப்பரைக்குள்ள உக்காந்த மாதிரி இருந்துச்சும்மா. ஆவி! ஒரே ஆவி! நடுவுல நம்ம மாப்ள, ஆவி மாப்ள!" மாமியார் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மச்சானின் மகள் அன்று சாயங்காலமே என்னை "ஆவி மாமா" என்று கூப்பிட்டாள்.

பெயர் ஒட்டிக்கொண்டது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் யாராவது என்னை உற்றுப் பார்ப்பார்கள். "நீங்கதானா அந்த ஆவி மாப்ள?" என் மனைவியின் சித்தப்பா ஒருவர் என்னைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, துடைத்துப் போட்டுக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் செய்வார். ஒரு காதுகுத்து வீட்டில் என் அப்பா முன்னாலேயே ஒருவர் அப்படிக் கூப்பிட்டார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "என்னடா, ஆவிங்காங்க?" என்றார். நான் அவரைப் பந்திக்குக் கூட்டிப்போனேன்.

பிறகு எனக்குத் தென்காசிக்கே மாற்றலாகி வந்தது. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. மாமனார் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பிடித்துக் குடிவந்தோம். அந்த வருடச் சாரலுக்கு முன்னால் நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்த ஊரில் இந்தக் கண்ணாடியைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் ஒருத்தன் இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நிற்கும் காருக்குள் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி ஜன்னலைத் தட்டி, "என்ன செய்திய? தெருவுல போறவங்க பாக்காவ" என்பாள். கையை ஆட்டி அவளை உள்ளே போகச் சொல்வேன். ஆவி படிய வைப்பேன். பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பேன். ஏசியை மட்டும் போட்டால் என்ன ஆகிறது, சூட்டைக் கொஞ்சம் சேர்த்தால் என்ன ஆகிறது, ஜன்னலை விரல் அகலத்துக்கு இறக்கினால் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது. ஏசி காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது. அதனால் குளிர்காலத்திலும் அது வேண்டும். மச்சான் அன்றைக்கு அதைத்தான் போட விடவில்லை.

இன்னொரு பட்டனும் இருக்கிறது. கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்டிருக்கும். அதை அமுக்கினால் வெளிக்காற்று வராது. உள்ளே இருக்கிற காற்றே சுற்றிச் சுற்றி வரும். ஐந்து பேருடைய மூச்சும் ஈரத் துணியும் உள்ளே இருந்தால், சாரல் நேரத்தில் அந்தப் பட்டன் ஒன்றே போதும், முன்கண்ணாடி சுவராகிவிடும்.

கண்ணாடியின் உள்பக்கம் அழுக்காக இருந்தால் ஆவி சீக்கிரம் பிடிக்கும் என்பதையும் கண்டுபிடித்தேன். வாரத்துக்கு ஒரு தடவை பழைய பருத்தித் துணியால் துடைத்து, சவர நுரையைத் துளி எடுத்துத் தேய்த்து, காய்ந்த துணியால் மறுபடி மறுபடி துடைத்து எடுப்பேன். காலடி மிதியை வெயில் வருகிற நேரம் பார்த்து உலர்த்துவேன். முகச்சவரம் செய்துகொள்வதில்கூட நான் அவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

இதற்கெல்லாம் பலன் இருந்தது. எந்தச் சாரலிலும் என் கண்ணாடி தெளிவாக இருந்தது. ஆனால் பெயர் போகவில்லை. "ஆவி மாப்ள வண்டியில இப்ப ஆவியவே காணோம், எங்க போச்சு?" என்று அதையும் மச்சான் ஒரு சிரிப்பாக்கிவிட்டார்.

அப்புறம் ஒரு கல்யாண வீடு. இலஞ்சியில் ஒரு மண்டபம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு மச்சானும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இந்தப் பக்கம் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. என் கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. முடிகிற இடத்துக்கு வந்தபோது மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

"அதுல ஒரு கூத்து இருக்குவே. அந்தச் சுத்துற பட்டன நாந்தான் அமுக்கி வச்சேன். ஏசியப் போட விடாமப் பண்ணதும் நாந்தான்."

"என்னத்துக்குவே?"

"பின்ன? அவரு கார்ல வந்து எறங்குதாராம், நம்ம வீட்டு வாசல்ல, நம்ம ஊருக்குள்ள நம்மளயே ஏத்திட்டுப் போறாராம். நான் அன்னைக்கு லோடு வேன் ஓட்டிட்டு இருக்கேன். ஒரு வழி பண்ணணும்லா?"

மூன்று பேரும் சிரித்தார்கள்.

குழாயை மூடாமல் நின்றேன். வேனின் பின்விளக்கு, சுற்றி நின்ற ஈரக் கூட்டம், "எறங்குங்க மாப்ளே", துண்டை வாயில் வைத்துச் சிரித்த என் மனைவி, திரும்பிப் பார்த்த அப்பா. எல்லாம் ஒரு பட்டன். வெற்றிலை வாசனை அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். மச்சான் என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ளே, வெத்தல போடுதியளா?" என்றார். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

என் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அண்ணனிடம் போய்க் கேட்பாள், அவர் சிரிப்பார். விஷயம் அத்தோடு தீர்ந்துவிடும். தீரக் கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. ராத்திரி படுத்தால் யோசனை அதிலேயே போகும். அதே பட்டனை அவருக்கு அமுக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாத ஒன்றாக இருக்க வேண்டும். பார்க்கிற ஆளும் சரியாக இருக்க வேண்டும். நான் மாப்பிள்ளையாகப் போன வீட்டில் எல்லோரையும் என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். அவரும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதானே.

அவருடைய மாமனாருக்கு வடகரையில் வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. கோயில் காரியங்களில் முதல் மரியாதை வாங்குகிற பழைய குடும்பம். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்கு மறுபேச்சு இருக்காது. பஜாரில் குரல் உயர்த்திப் பேரம் பேசுகிற என் மச்சான், அந்தப் பெரியவர் முன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். குரல் பாதியாகிவிடும். நான் பலதடவை பார்த்திருக்கிறேன்.

அடுத்த சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மச்சான் புதுக் கார் வாங்கினார். உயரமான, பெரிய கார். தன் மாமனார், மாமியாரை அதில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்து, வடகரையில் கொண்டு விடுவது என்று ஏற்பாடு. "நீங்களும் வாங்க மாப்ளே" என்று என்னையும் கூப்பிட்டார். தன் புதுக் காரை நான் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கூப்பிட்டார். நான் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன்.

பெரியவருக்கு முன்சீட்டின் பெல்ட் வயிற்றை அழுத்துகிறது என்று நடுவரிசையில் உட்கார்ந்தார். அவர் மனைவியும், மகளான மச்சானின் மனைவியும் அவர் பக்கத்தில். முன்சீட் எனக்கு வந்தது.

பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டுக் கிளம்பும்போது சாரல் விட்டிருந்தது. வானம் மூடிக்கிடந்தது. காற்று அசையவில்லை. குளித்த உடம்பு உடனே பிசுபிசுத்தது. காற்றில் அவ்வளவு ஈரம். மச்சான் ஏசியை முழுசாகத் திறந்துவிட்டார்.

"எப்படி மாமா இருக்கு? ஊட்டி மாதிரி இருக்கா?"

"ம்" என்றார் பெரியவர்.

இலஞ்சியைத் தாண்டியபோது முன்கண்ணாடியின் அடியோரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. நான் விரலை நீட்டி உள்பக்கம் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. ஆனால் காய்ந்திருந்தது. விரல் பட்ட இடத்தில் ஒரு தடமும் விழவில்லை.

ஆவி வெளியே இருந்தது.

ஏசிக் குளிரில் கண்ணாடி அதிகமாகக் குளிர்ந்துவிட்டால், வெளிக்காற்றின் ஈரம் வெளிப்பக்கமாக வந்து படியும். ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வியர்க்கிற மாதிரி. அப்போது செய்ய வேண்டியது ஏசியைக் குறைப்பது. அல்லது வைப்பரை ஒரு தடவை போடுவது. நான் இதை என் காரில் பலதடவை பார்த்திருந்தேன். மச்சானின் பழைய வண்டிகள் பலவற்றில் ஏசி இல்லை, இருந்ததிலும் பேருக்குத்தான் இருந்தது. அவருக்குத் தெரிந்தது உள்ளே பிடிக்கிற ஆவி ஒன்றுதான். அதற்கு மருந்து ஏசி.

விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"லேசாப் பிடிக்குது மச்சான். ஏசிக் காத்த நேரா கண்ணாடிக்கு விடுங்களேன்."

மச்சான் பெரிதாகச் சிரித்தார். "கேட்டியளா மாமா? யாரு சொல்லுதான்னு பாருங்க! நம்ம ஆவி மாப்ள!" என்று ஆரம்பித்து, வண்டியை ஓட்டிக்கொண்டே, ஐந்தருவிக் கதையை மாமனாருக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஒரு கையால் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியும் விட்டார். இட்லிக் கொப்பரை வந்தது. வேன் வந்தது. "உள்ள இருக்கத வெளிய தொடைக்காரு மாமா!" என்று அவர் சொன்னபோது எனக்குள் ஏதாவது ஒரு தயக்கம் மிச்சம் இருந்திருந்தால் அதுவும் போயிற்று. பெரியவர் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை முடிவதற்குள் வெள்ளை பாதிக் கண்ணாடிக்கு ஏறிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாருங்க மச்சான்" என்றேன்.

கூட்டினார். இன்னும் ஏறியது. துண்டை எடுத்து உள்பக்கம் துடைத்தார். துண்டு நனையவே இல்லை. அதை அவர் கவனிக்கவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"என்ன இது, போவ மாட்டேங்கு?"

"புதுக் கண்ணாடில்லா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அச்சன்புதூரைத் தாண்டிவிட்டோம். இரண்டு பக்கமும் வயல். ரோட்டில் வண்டிகள் அவ்வளவாக இல்லை. மச்சான் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்திருந்தார். ஸ்டியரிங் மேல் குனிந்து, அடியில் எங்கேயோ தெரிந்த ஒரு துண்டு வெளிச்சத்தின் வழியாகப் பார்த்து ஓட்டினார். கழுத்தில் வியர்வை. அவ்வளவு ஏசியிலும் வியர்வை. எதிரே லாரி கீரி வந்தால் சொல்லிவிடுவது என்று என் பக்கத்து ஜன்னலை இறக்கித் தலையை வெளியே வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் வரவில்லை. வராதவரை நான் வாயைத் திறப்பதாக இல்லை.

"மாப்ளே, நிப்பாட்டுங்க" என்றார் பெரியவர்.

"இந்தா தெளிஞ்சிரும் மாமா. இந்தா, ஒரு நிமிசம்."

"நிப்பாட்டுங்கன்னு சொல்லுதேன்லா."

தென்னந்தோப்புப் பக்கம் ரோடு வளைகிறது. மச்சான் வளையவில்லை. நான் உட்கார்ந்திருந்த பக்கம்தான் முதலில் இறங்கியது. கார் மெதுவாகச் சாய்ந்து, மெத்தையில் உட்காருவதுபோல் சேற்றில் உட்கார்ந்தது. பின்னால் பெரியவரின் மனைவி கடவுள் பெயரைச் சொன்னார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எஞ்சின் நின்றது.

வயலில் நின்ற ஆள் ஒருவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துப் பெரியவரைக் கண்டதும் திகைத்துப்போனார்.

"ஐயா! நம்ம நாத்தங்கால்லா!"

கார் பருவ நெல் நடவுக்காகப் பெரியவர் பாவி வளர்த்திருந்த நாற்றுதான் அது. அப்படி அமையும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த அளவுக்கு நான் ஆசைப்படவும் இல்லை.

அப்போது கையை நீட்டி, சாவியை ஒரு திருப்புத் திருப்பிவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த வைப்பர் குச்சியை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். வைப்பர் ஒரே ஒரு தடவை போய்வந்தது. முன்கண்ணாடி முழுக்கப் பச்சை. சக்கரத்துக்கு அடியில் மடிந்து கிடந்த நாற்று வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது.

பெரியவர் முன்னால் குனிந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மருமகன் கையில் இருந்த துண்டைப் பார்த்தார்.

"வெளிய இருக்கத உள்ள தொடச்சிக்கிட்டு வந்திருக்கிய" என்றார். "அந்த வைப்பரு என்ன, அலங்காரத்துக்கா?"

மச்சானின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. என் பக்கம் திரும்பினார். "நீங்கதான மாப்ளே ஏசியக் கூட்டச் சொன்னிய?"

"ஆமா மச்சான். ஆவி பிடிச்சா ஏசி போடணும்னு நீங்கதான் சொல்லித் தந்திய, ஐந்தருவில." அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னேன். "அந்தச் சுத்துற பட்டனையும் பாத்தேன். இன்னைக்கு அத யாரும் அமுக்கல."

அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டை மெதுவாக மடியில் வைத்தார். அந்த முகத்தை நான் எத்தனையோ ராத்திரிகள் கற்பனை செய்து வைத்திருந்தேன். நேரில் அதைவிட நன்றாக இருந்தது. பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எவ்வளவு புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கி வரப்பு வழியாக வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

டிராக்டர் வந்து காரை இழுத்தது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மச்சான் முழங்கால் வரை சேறோடு நின்றார். நான் வரப்பில் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என்னை உட்கார வைத்தாள். மச்சானின் மனைவி, அவளுடைய மதினி, போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"உங்களுக்கு வெளியதான் பிடிச்சிருக்குன்னு தெரியும். தெரிஞ்சே கூட்டச் சொல்லிருக்கிய. வேணும்னேதான செஞ்சிய?"

"ஆமா" என்றேன். கல்யாண மண்டபத்தில் கேட்டதையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். ஆச்சரியமாக, அவள் அழவில்லை.

"எங்கண்ணனுக்கு வேணும்தான். ஆனா வண்டியில பெரியவங்க இருந்தாவ, மதினி இருந்தா. லாரி வந்திருந்தா?"

"பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

"அந்த நாத்து என்ன பாவம் செஞ்சுது?"

அவள் எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். "அன்னைக்கு நானும்தான சிரிச்சேன். எனக்கு என்ன வச்சிருக்கிய?"

"யோசிச்சிட்டிருக்கேன்" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மச்சான் அதற்குப் பிறகு ஒரு தீபாவளி வரை எங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லை. பிறகு வந்தார். பழையபடி பேச்சு உண்டு. பஜாரில் பார்த்தால் டீ வாங்கித் தருவார். ஐந்தருவிக் கதையை மட்டும் அவர் எங்கேயும் எடுப்பதில்லை. யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். வடகரைக் கதை அவர் சொல்லாமலே எல்லா ஊருக்கும் போய்விட்டது. அதற்கு நானும் கொஞ்சம் உதவி செய்தேன். என் மனைவியின் சித்தப்பா இப்போது மூக்குக் கண்ணாடியை மச்சான் முன்னால் கழற்றுகிறார். உள்பக்கம் மட்டும் துடைத்துப் போட்டுக்கொள்கிறார்.

ஒன்று மட்டும் நான் எதிர்பாராதது. பெரியவர் அதன் பிறகு சீசனுக்குக் குளிக்கப் போக வேண்டுமென்றால், "கோவில்பட்டியார வண்டிய எடுக்கச் சொல்லு" என்கிறார். அதனால் ஒவ்வொரு ஆனி, ஆடியிலும் எல்லோரும் என் காரில்தான் போகிறோம். மச்சான் உட்பட.

என் காரில் சில சட்டங்கள் உண்டு. ஈரத் துணியோடு யாரும் ஏறக் கூடாது. துண்டை வெளியே நின்று பிழிந்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட வேண்டும். தலையை முழுசாகத் துவட்ட வேண்டும். செருப்பை உதறிவிட்டுத்தான் காலை உள்ளே வைக்க வேண்டும். பெரியவர் முதல் ஆளாக எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவார். அவருக்காக முன்சீட்டின் பெல்ட்டைத் தளர்த்தி வைத்திருக்கிறேன்.

போன வாரமும் போனோம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். எல்லோரும் ஏறிய பிறகு மச்சான் மட்டும் வெளியே சாரலில் நின்று துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்து, என் ஜன்னல் பக்கம் காட்டினார். நான் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினேன்.

"இன்னும் ஈரம் இருக்கு மச்சான்."

அவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் மறுபடியும் பிழிந்தார். துண்டிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. நான் நிதானமாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.